கத்தி தீட்டும் பாலிஷ் கட்டி: அந்தமான் சமையலறைக்கு எது போதும், எது வீண் செலவு?

வேலை மாற்றலாகி அந்தமானுக்கு வரும் தமிழ் இளைஞர்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் பொருட்களில் நல்ல கத்தி ஒன்றும் இருக்கும். கோவையிலோ மதுரையிலோ தக்காளியை அழகாகச் சீவிய அதே கத்தி, இங்கே ஒரு மழைக்காலம் கழிந்ததும் தக்காளித் தோலில் வழுக்க ஆரம்பிக்கும். சூரை மீனை வெட்டப்போனால் சதை நசுங்கும். "கத்தி போச்சுப்பா, புதுசு வாங்கணும்" என்று ஆன்லைனில் தேட ஆரம்பிப்பார்கள்.

பெரும்பாலான நேரங்களில் புதுக் கத்தி தேவையில்லை. ஒரு துண்டு அட்டையோ மரப்பலகையோ இருந்து, அதன்மேல் தேய்க்க சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பாலிஷ் கட்டி ஒன்றும் இருந்தால் போதும். ஆனால் எந்தக் கட்டி? பச்சை, வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று கடையில் நாலு நிறம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் வைரப் பசை வாங்கு என்கிறார்கள். டூத்பேஸ்ட்டே போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இதில் எதை நம்புவது?

ஸ்ட்ராப்பிங் என்றால் என்ன?

பழைய சலூன்களில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தோல் வார் தொங்கும். சவரக்கத்தியை அதில் இப்படியும் அப்படியுமாக இழுத்த பிறகுதான் கன்னத்தில் வைப்பார்கள். அதுதான் ஸ்ட்ராப்பிங். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்ட பிறகு, ஆளுக்கு ஒரு புது பிளேடு என்ற வழக்கம் சலூன்களில் மெல்லப் பரவியது. தோல் வாரும் கண்ணில் படாமல் போனது. இன்று முப்பது வயதுக்குள் இருப்பவர்களில் பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

சாணைக்கல்லில் தீட்டும்போது கத்தியின் விளிம்பில் மெல்லிய உலோகப் பிசிர் உருவாகும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விரலை விளிம்புக்குக் குறுக்காக, வெளிப்பக்கமாக மெதுவாக நகர்த்தினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். அந்தப் பிசிரை எடுக்காவிட்டால், கத்தி முதல் நாள் பளிச்சென்று வெட்டும், மறுநாள் பிசிர் மடங்கி மழுங்கிவிடும். "சாணை பிடிச்சும் ரெண்டு நாள் கூட நிக்கல" என்ற புகாரில் பாதி இந்தப் பிசிரால் வருவதுதான். ஸ்ட்ராப்பிங் அந்தப் பிசிரை எடுத்து, கல் விட்டுச்சென்ற கீறல்களையும் மெருகேற்றும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முழுக்க மழுங்கிப் போன கத்தியை எந்தப் பாலிஷ் கட்டியும் காப்பாற்றாது. அதற்குக் கல் வேண்டும். கல் இல்லையென்றால், கார் பெயின்ட் வேலைக்கு விற்கும் வாட்டர் பேப்பரில் 1000, பிறகு 2000 எண் தாளைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டித் தீட்டலாம். அவசரத்துக்கு, பீங்கான் காபி கோப்பையின் அடியில் மெருகு படாமல் சொரசொரவென்று இருக்கும் வளையமே ஒரு சின்ன சாணைக்கல். பாலிஷ் கட்டிக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

நிறத்தைப் பார்க்காதீர்கள், இரண்டு கேள்வி கேளுங்கள்

பாலிஷ் கட்டி என்பது மெழுகும் கொழுப்பும் கலந்த பசையில் உராய்பொடியைச் சேர்த்து அச்சில் வார்த்தது. அவ்வளவுதான். அதன் தரத்தை முடிவு செய்வது உள்ளே இருக்கும் பொடி. அது எஃகைவிடக் கடினமானதா, அதன் மணி எவ்வளவு நுண்மையானது? இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

முதலில் கடினம். கனிமங்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் என்ற ஒன்று உண்டு. 1 முதல் 10 வரை போகும், வைரம் 10. பதப்படுத்திய கத்தி எஃகு இதில் தோராயமாக 5.5 முதல் 6.5 வரை வரும். டூத்பேஸ்ட்டில் சேர்க்கும் கால்சியம் கார்பனேட் வெறும் 3. பல்லின் எனாமலைக் கீறக்கூடாது என்பதற்காகவே மென்மையாகச் செய்த பொருள் எஃகை எப்படிக் கீறும்? சிலிக்கா சேர்த்த பேஸ்ட்டுகள் கொஞ்சம் பளபளப்பைத் தரலாம், அதுவும் மணிக்கணக்கில் தேய்த்தால்.

நகைப் பட்டறைகளில் தங்கத்தை மெருகேற்றப் பயன்படும் சிவப்பு ரூஜ், இரும்பு ஆக்சைடு. நம் காவிக்கல்லுக்கு நிறம் தருவதும் இதே பொருள்தான். கடினம் 5.5 முதல் 6.5, அதாவது எஃகுக்குச் சமம். தங்கத்துக்கு அருமை, எஃகுக்கு ரொம்ப மெதுவு. பச்சைக் கட்டியில் இருக்கும் குரோமியம் ஆக்சைடு சுமார் 8.5. வெள்ளை அல்லது சாம்பல் கட்டிகளில் பெரும்பாலும் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு 9. இவை இரண்டுமே எஃகைத் தாராளமாக அறுக்கும்.

அடுத்தது மணி அளவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 2000 எண் வாட்டர் பேப்பரின் மணி சுமார் 10 மைக்ரான். அதிலிருந்து ஒரு படி மேலே போக, 0.5 முதல் 3 மைக்ரான் வரை உள்ள பொடி சமையலறைக்குச் சரி. அதைவிட நுண்மையாகப் போனால் சவரக்கத்திக்கு உதவும். தக்காளிக்கும் மீனுக்கும் மிக மழமழப்பான விளிம்பு உண்மையில் பாதகம்தான், ஏனென்றால் தோலைக் கவ்வுவதற்குக் கொஞ்சம் 'பல்' தேவை. 0.25 மைக்ரான் என்று பெரிதாக அச்சிட்டு இரட்டை விலைக்கு விற்பதை வாங்க வேண்டாம்.

நிறத்தை ஏன் நம்பக்கூடாது என்றால், அதற்கு உலகப் பொது விதி எதுவும் கிடையாது. பச்சை என்றால் எஃகுக்கான கடைசி மெருகு, கறுப்பு என்றால் முரட்டு முதல் வெட்டு, பழுப்பு என்றால் பித்தளை, செம்பு வேலை என்பது பட்டறை வழக்கம் மட்டுமே. பச்சையாக இருப்பதாலேயே அது முழுக்க குரோமியம் ஆக்சைடு ஆகிவிடாது. பல பச்சைக் கட்டிகளில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, மரவேலைக் கருவிகளுக்கு விற்கும் பெயர்பெற்ற கட்டிகளிலும் இந்தக் கலவை உண்டு. நமக்கு அது சாதகம்தான், அலுமினியம் ஆக்சைடு வேகமாக அறுக்கும்.

லேபிள் இல்லாத கட்டியா? நகத்தால் கொஞ்சம் சுரண்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். மணி மணியாகத் தட்டுப்பட்டால் கடைசி மெருகுக்கு ஆகாது. வெண்ணெய் போல வழுக்கினால் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அட்டையில் பூசி கத்தியை நாலு இழுப்பு இழுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் எஃகு அறுபடுகிறது என்று அர்த்தம். கோடே விழவில்லையென்றால் நீங்கள் வாங்கியது வெறும் மெழுகு.

குருந்தம்: நம்ம ஊர்ச் சொல்

அலுமினியம் ஆக்சைடு இயற்கையில் கிடைக்கும்போது ஆங்கிலத்தில் அதற்கு 'கொரண்டம்' என்று பெயர். இந்தச் சொல் தமிழின் 'குருந்தம்' என்பதிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. மாணிக்கமும் நீலக்கல்லும் இதே கனிமத்தின் நிறம் ஏறிய வடிவங்கள். இந்தியாவில் குருந்தப் பொடியை அரக்கோடு கலந்து சக்கரமாக வார்த்து, அதில்தான் வாளையும் கத்தியையும் சாணை பிடித்தார்கள். 1798-ல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இந்த ஆசியக் கல்லைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தமும் இருக்கிறது, குரோமியத்தின் தாதுவான குரோமைட்டும் பட்டை பட்டையாக இருக்கிறது. அதாவது வெள்ளைக் கட்டியின் மூலப்பொருளும் பச்சைக் கட்டியின் மூலப்பொருளும் ஒரே ஊரில். சந்திரயான்-2 சோதனைக்காக நிலவு மண் போன்ற மண்ணைத் தயாரிக்க இஸ்ரோ பாறை எடுத்ததும் இந்தப் பகுதியில்தான். இன்று கடையில் கிடைக்கும் உராய்பொடிகள் பெரும்பாலும் ஆலையில் செயற்கையாக உருவாக்கப்படுபவை. சென்னையில் 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் இந்தத் துறையில் பழைய பெயர்.

வீட்டில், பைக்கில், பட்டறையில் இருப்பதே போதாதா?

சிலது போதும், சிலது கத்தியைக் கெடுக்கும்.

பித்தளைக்குப் போடும் பிராஸோ வகைத் திரவங்களில் இருப்பது மென்மையான உராய்பொருள். சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்தியில் கொஞ்சம் பளபளப்பு வரும், பிசிர் லேசில் போகாது. அம்மோனியா நெடியும் கரைப்பானும் உணவு வெட்டும் கத்திக்கு எதற்கு? பைக் குரோமுக்கு ட்யூபில் வரும் ஆட்டோசால் போன்ற உலோக பாலிஷ் இதைவிட மேல், ஏனென்றால் அதில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அட்டையில் ஒரு பட்டாணி அளவு தடவிக் காயவிட்டுப் பயன்படுத்தலாம். கத்தியைப் பிறகு நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மெக்கானிக் கடையில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள். அதன் மணி பல பத்து மைக்ரான். இன்ஜின் வால்வைப் பொருத்த உருவானது அது. நுண்மையான விளிம்பை ரம்பமாக்கிவிடும்.

தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு, கிரீன் ஆக்சைடு பொடிகள் மலிவு என்பதால் ஒரு ஆசை வரும். பெயரில் 'ஆக்சைடு' இருக்கிறதே! ஆனால் அவை சிமென்ட்டுக்கு நிறம் தர வந்தவை. நிரப்புப் பொருள் கலந்திருக்கும், ஒரே சீரான மணி அளவு என்ற கட்டுப்பாடு அதற்குத் தேவையே இல்லை. ஒரு முரட்டு மணி இருந்தாலும் விளிம்பில் கீறல் விழும். பொடி காற்றில் பறந்து மூச்சுக்குள் போகும் தொல்லை வேறு.

போர்ட் பிளேரில் தேடுபவர்களுக்கு என் பரிந்துரை ஒன்று. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினாலும் கடைத்தெரு அதே அபர்டீன் பஜார்தான். ஹார்டுவேர் கடையில் 'ஸ்ட்ராப்பிங் காம்பவுண்ட்' என்று கேட்டால் விழிப்பார்கள். 'ஸ்டீல் பாலிஷுக்கு பஃபிங் சோப்' என்று கேளுங்கள். கடையில் இல்லையென்றால், மாடிப்படிக்கு ஸ்டெயின்லெஸ் கைப்பிடி செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் விசாரியுங்கள். அவர்கள் கைப்பிடியைக் கண்ணாடி போலாக்கக் கடைசியாகப் பயன்படுத்தும் கட்டியில் ஒரு கைப்பிடி அளவுத் துண்டு கிடைத்தால் வீட்டுக்கு வருஷக் கணக்கில் வரும். 'கடைசி மெருகுக்கானது' என்று சொல்லி வாங்குவது முக்கியம். முதல் வெட்டுக்கான கறுப்புக் கட்டியைக் கொடுத்துவிட்டால் வேலை கெட்டது.

அப்படியானால் வைரப் பசை யாருக்கு?

இதற்குப் பதில் உங்கள் கத்தியில் இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்திகள் ராக்வெல் சி அளவில் 50-களில் இருக்கும் மென்மையான எஃகு. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அருவாளும், மாயாபந்தர் பக்கம் 1925 முதல் குடியேறிய கரேன் மக்கள் கையாளும் தாவும் கார்பன் எஃகு. இவற்றுக்கெல்லாம் அலுமினியம் ஆக்சைடோ குரோமியம் ஆக்சைடோ தாராளம். வைரம் போட்டால் வேகம் கூடும், வேறு பெரிய லாபம் இல்லை.

விலை உயர்ந்த சில கத்திகளில் வனேடியம் அதிகம் சேர்த்த எஃகு இருக்கும். அந்த எஃகுக்குள் வனேடியம் கார்பைடு என்ற சின்னச் சின்ன மணிகள் உருவாகின்றன. அவை அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. பச்சைக் கட்டியில் தேய்த்தால் சுற்றியுள்ள எஃகு மட்டும் தேயும், மணிகள் அப்படியே நிற்கும். அங்கேதான் வைரம் தேவை. உங்கள் கத்தி அந்த வகை என்றால், வாங்கும்போதே எஃகின் பெயரைப் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு வைரம் வேண்டாம்.

வேண்டும் என்பவர்கள், அச்சு பாலிஷ் பட்டறைகளுக்கு சிரிஞ்சில் வரும் செயற்கை வைரப் பசையில் 1 மைக்ரான் வாங்கினால் போதும். ஒரு சொட்டு பல வாரங்களுக்கு வரும்.

தீவில் இருப்பதால் வரும் சிக்கல்கள்

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடல் வழியாகச் சுமார் 1,190 கி.மீ. கப்பலுக்குச் சுமார் மூன்று நாள் ஆகும். அவசரப் பொருட்கள் விமானத்தில் வரும். இங்கேதான் பாலிஷ் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆல்கஹாலில் கலந்த வைர ஸ்பிரே, பெட்ரோலியக் கரைப்பான் கலந்த திரவ பாலிஷ் போன்றவை தீப்பற்றும் பொருட்கள். விமானச் சரக்கில் அவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆர்டர் போட்ட பிறகு 'உங்கள் பகுதிக்கு அனுப்ப இயலாது' என்று வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மெழுகுக் கட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. சோப்புக் கட்டி போலப் பெட்டியில் போட்டு யாரும் கொண்டுவரலாம். ஊரிலிருந்து வருபவரிடம் சொல்லிவிட ஏற்ற பொருள்.

அடுத்தது ஈரம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, இரண்டு பருவமழையும் உண்டு. இந்தக் காற்றில் தோல் பெல்ட்டும் ஷூவும் பூஞ்சை பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோல் ஸ்ட்ராப்புக்கும் அதே கதிதான். அதனால் ஆயிரக்கணக்கில் கொடுத்து தோல் பட்டை வரவழைப்பதை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். சுருக்கமில்லாத கெட்டி அட்டை, பழைய ஜீன்ஸ் துணி ஒட்டிய பலகை, அல்லது வெறும் மரம் போதும். தச்சுப் பட்டறையில் மீந்த துண்டு ஒரு அடி நீளம், இரண்டு அங்குல அகலத்தில் கிடைத்தால் இழைத்துத் தரச் சொல்லுங்கள். அந்தமானின் மாநில மரமான படாக்காக இருந்தால் அதிர்ஷ்டம். சாத்தம் தீவில் 1883-லிருந்து இயங்கிவரும் மர அறுவை ஆலை இந்தத் தீவுகளின் மரத்தை உலகுக்கு அனுப்பியது. அழுத்தினாலும் குழியாத கெட்டி மரம் என்பதால் விளிம்பு உருண்டுபோகாது. அட்டை என்றால் பூத்ததும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த டப்பாவிலிருந்து வெட்டிக்கொள்ளலாம், செலவே இல்லை.

மூன்றாவது, பலரும் கவனிக்காத துரு. கத்தி மழுங்குவது வெட்டுவதால் மட்டும் அல்ல. உப்புக் காற்றில் விளிம்பின் மிக மெல்லிய பகுதியே முதலில் அரிக்கப்படும். கார்பன் எஃகில் ஒரே இரவில் இது தெரியும், ஸ்டெயின்லெஸ்ஸும் முழுக்கத் தப்பாது. மீன் வெட்டிய கத்தியை சிங்க்கில் ஊறவிட்டுத் தூங்கப் போனால் எந்தக் காம்பவுண்டும் உதவாது. கழுவித் துடைத்து, கார்பன் எஃகு என்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

தீட்டுவது எப்படி?

கட்டியை க்ரேயான் போலப் பலகையில் மெல்லிய படலமாகத் தேயுங்கள். கெட்டியாக இருந்து ஒட்டவில்லையென்றால், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு விரலால் பரப்புங்கள். நிறைய அப்பினால் நன்றாக வெட்டும் என்பது தவறு. கட்டி கட்டியாக நின்றால் கத்தி அதன்மேல் குதிக்கும்.

கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், விளிம்பு பின்னால் இழுபட வேண்டும். சாணைக்கல்லில் பழகியவர்கள் பழக்கத்தில் விளிம்பை முன்னால் தள்ளிவிடுவார்கள். அட்டை அறுந்துவிடும், கைக்கும் ஆபத்து. பலகையிலிருந்து 15 முதல் 20 டிகிரி வரை, அதாவது கல்லில் தீட்டிய அதே கோணத்தில் சாய்த்துப் பிடியுங்கள். அழுத்தம் கத்தியின் சொந்த எடையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பக்கத்துக்கு பத்துப் பதினைந்து இழுப்பு. முடிவில் கத்தியைச் சுழற்றித் தூக்காமல் நிறுத்தி, நேராக மேலே எடுங்கள். சுழற்றினால் அந்த ஒரு நொடியில் விளிம்பு உருண்டுவிடும். வேலை பலித்ததா என்று பார்க்க, செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து மேலிருந்து கீழே வெட்டிப் பாருங்கள். கிழியாமல் சீராக இறங்கினால் சரி. ஒரே இடத்தில் சிக்கினால் அங்கே பிசிர் மிச்சம் இருக்கிறது.

இடையில் பலகை முழுக்கக் கறுத்துப் போகும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து மறுபடி பூசலாம். அட்டையென்றால் மாற்றிவிடலாம்.

பச்சைக் கட்டி உடம்புக்குக் கெடுதலா?

குரோமியம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ராணிப்பேட்டை நினைவுக்கு வருவது இயல்பு. அங்கே 1995-ல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. நிலத்தடி நீர் மஞ்சளானது. ஆனால் அங்கே இருப்பது நீரில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். பச்சைக் கட்டியில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியத்தின் ஆக்சைடு. நீரில் கரையாது, நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. இரண்டும் ஒரே தனிமம் என்பதற்காக ஒன்றாகப் பார்க்க வேண்டியதில்லை.

அதற்காக சாம்பாரில் கலந்து சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. பட்டறைக் கட்டிகள் உணவுத் தரத்தில் செய்யப்பட்டவை அல்ல. மெழுகிலும் கொழுப்பிலும் என்னவெல்லாம் சேர்த்தார்கள் என்று லேபிளில் இருக்காது. தீட்டி முடித்ததும் கத்தியைத் துணியால் முதுகிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டுக் கழுவிவிடுங்கள். கையையும்தான். பொடியாக விற்கும் பச்சை நிறமியைவிடக் கட்டியே நல்லது என்று சொல்வதற்கு முக்கியக் காரணமும் தூசிதான். மெழுகுக்குள் இருக்கும் பொடி மூக்குக்குள் பறக்காது.

கட்டியையும் பலகையையும் மூடி போட்ட டப்பாவில் தனியாக வையுங்கள். திறந்து வைத்தால் வீட்டுத் தூசியில் இருக்கும் மணல் அதில் ஒட்டும். கட்டிட மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸின் கடினம் 7, எஃகைவிடக் கூடுதல். மெருகேற்றும் பலகையில் அப்படி ஒரு மணல் ஒட்டியிருந்தால், விளிம்பில் நீளமாக ஒரு கீறல் விழும். மறுபடி 2000 எண் தாளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.